பெயர்கள் எழுதப்பட்ட சுவர்

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்குப் பிராக் நகரம் இரண்டு வழிகளில் அறிமுகமாகிறது. ஒன்று கமில் சுவலபில் வழி. 1927-இல் அந்நகரில் பிறந்து, அங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, சிலப்பதிகாரத்தைச் செக் மொழிக்குக் கொண்டுசென்றவர் அவர். முருகனின் முறுவலைத் தலைப்பாகக் கொண்டு 1973-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தொடாமல் இன்றும் தமிழ் இலக்கிய வரலாற்றை எவரும் பேசிவிட முடியாது. மற்றது காஃப்கா வழி. சிறுபத்திரிகைகளில் தொடங்கி, ஜெர்மன் மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கம் பெற்று க்ரியா வெளியிட்ட 'விசாரணை' வரை, நம் வாசிப்பில் நெடுங்காலமாக உலவிக்கொண்டிருப்பவர் காஃப்கா. எங்களில் ஒருவர் சுவலபிலை வகுப்பறையில் பாடமாகச் சொல்பவர். மற்றவர் காஃப்காவை இரவுகளில் மட்டும் படிப்பவர். இருவருக்கும் பொதுவான ஊர் என்று ஒன்றைத் தேடினால் அது பிராகாகத்தான் இருக்க முடியும்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அங்கு ஐந்து நாட்கள் தங்கினோம். கோட்டை, வானியல் கடிகாரம், வல்தாவா ஆற்றின் மீது நிற்கும் சார்லஸ் பாலம் என எல்லாப் பயணிகளும் பார்ப்பவற்றை நாங்களும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாங்கள் எழுத விரும்புவது பழைய நகரத்தின் ஒரு மூலையைப் பற்றி: யோசெஃபோவ் என்று அழைக்கப்படும் பழைய யூதக் குடியிருப்பைப் பற்றி.

அந்த மூலையைத் தேடிப் போகிறவர்கள் முதலில் ஏமாற்றமே அடைவார்கள். குறுகிய சந்துகளையும் சாய்ந்த கூரைகளையும் எதிர்பார்த்துச் சென்றால், மரங்கள் அணிவகுத்த அகன்ற வீதி ஒன்று எதிர்ப்படுகிறது. அதன் பெயர் பாரிஷ்ஸ்கா. பாரிஸ் வீதி என்று பொருள். இருபுறமும் கைக்கடிகாரங்களும் கைப்பைகளும் விற்கும் விலையுயர்ந்த கடைகள். 1848-க்குப் பின் யூதர்கள் நகரின் மற்றப் பகுதிகளிலும் குடியேறலாம் என்றானபோது வசதி படைத்தவர்கள் வெளியேறினார்கள். ஏழைகள் மட்டும் தங்கினார்கள். வேறு ஏழைகளும் வந்து சேர்ந்தார்கள். நெரிசலையும் நோயையும் காரணம் காட்டி 1893-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே இடிக்கப்பட்டன. எஞ்சியவை ஆறு ஜெப ஆலயங்கள், ஒரு நகர மன்றக் கட்டடம், ஒரு கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான்.

நாங்கள் முதலில் அங்கு சென்றது ஒரு சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வு நாளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பது தெரிந்தேதான் சென்றோம். கூட்டமில்லாத நாளில் வெளிச்சுவர்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது எங்கள் நோக்கம். நகர மன்றக் கட்டடத்தில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. மேலே கோபுரத்தில் உள்ளது நமக்குப் பழகிய கடிகாரம். அதற்குக் கீழே இருப்பதில் எண்களுக்குப் பதிலாக எபிரேய எழுத்துகள். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி என்பதால் அதன் முட்களும் இடப்புறமாகச் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. தங்கள் எழுத்தின் திசையைக் காலத்துக்கும் கொடுத்த மக்களை எண்ணிச் சற்று நேரம் அங்கேயே நின்றோம்.

எதிரே இருப்பது பழைய-புதிய ஜெப ஆலயம். 1270-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அதில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஐரோப்பாவில் இன்னும் புழக்கத்தில் இருக்கும் ஜெப ஆலயங்களில் இதுவே மிகப் பழையது. அதன் தரை தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. படிகளில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். 1389-ஆம் ஆண்டு ஈஸ்டரின்போது நடந்த படுகொலையில் உயிர் தப்பிய அவிக்தோர் காரா என்ற அறிஞர் அந்தக் கொடுமையை எண்ணி ஓர் இரங்கற்பா இயற்றினார். நோன்பு நாளில் அதை இந்த ஜெப ஆலயத்தில் ஓதும் வழக்கம் உண்டு. இந்தக் கூரையின் மேலறையில் கோலம் என்ற களிமண் மனிதன் கிடக்கிறான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1609-இல் மறைந்த ரபி லோவ் தம் மக்களைக் காக்க அவனை உருவாக்கினாராம். ரபி வாழ்ந்தது உண்மை. அவரையும் கோலத்தையும் இணைக்கும் கதைகள் அச்சில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். இன்று அவன் கடைகள்தோறும் சாவிக்கொத்திலும் காந்த வில்லையிலும் தொங்குகிறான். காக்க வேண்டிய காலத்தில் அவன் எழுந்து வரவில்லை என்பதை அந்தக் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

*

ஞாயிறன்று பழைய கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். இதன் மிகப் பழைய கல் 1439-ஆம் ஆண்டுக்குரியது. மேலே சொன்ன அவிக்தோர் காராவின் கல் அது. கடைசி அடக்கம் 1787-இல் நடந்தது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரு சமூகம் முழுவதற்கும் கிடைத்த புதைநிலம் இவ்வளவே. புதைத்தவர்களை அகற்ற மதம் அனுமதிக்கவில்லை. நிலத்தை விரிக்க நகரம் அனுமதிக்கவில்லை. எனவே பழைய கல்லறைகளின் மேல் மண்ணைக் கொட்டி, அந்த மண்ணில் புதிய குழி தோண்டினார்கள். கீழே இருந்தவரின் கல்லை மேலே கொண்டுவந்து புதியவரின் கல்லுக்கு அருகில் நட்டார்கள். இப்படி அடுக்கடுக்காக, சில இடங்களில் பல அடுக்குகளாக நிலம் உயர்ந்துகொண்டே போயிற்று. இன்று அங்கே இருக்கும் கற்கள் சுமார் 12,000. புதைக்கப்பட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தோளோடு தோள் இடித்து, கூட்டமான பேருந்தில் நிற்பவர்களைப் போல அந்தக் கற்கள் நிற்கின்றன.

எபிரேயம் தெரியாதவர்களும் அவற்றை ஓரளவு வாசிக்க முடிகிறது. ஆசீர்வதிக்கும் இரு கைகள் செதுக்கப்பட்டிருந்தால் அது குருக்கள் குலத்தவரின் கல். தண்ணீர்க் குடம் இருந்தால் லேவியர். பெயருக்கு ஏற்ற விலங்குகளும் உண்டு. ரபி லோவின் கல்லில் சிங்கம். லோவ் என்றால் சிங்கம். வரலாற்றாசிரியரும் வானியலாளருமான தாவீத் கான்ஸின் கல்லில் வாத்து. அவர் பெயருக்குப் பொருள் அதுதான். பிராகில் டைக்கோ பிராஹேயையும் கெப்ளரையும் அறிந்திருந்த அவர் 1613-இல் மறைந்தார். பெயரைப் படிக்கத் தெரியாதவருக்கும் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்ற விருப்பம் அந்தச் செதுக்கல்களில் தெரிகிறது. கற்களின் மேல் சிறு கூழாங்கற்கள் வைக்கப்பட்டிருந்தன. பூவுக்குப் பதில் கல் வைப்பது யூதர் வழக்கம். வந்து போனோம் என்பதற்கு அடையாளம்.

இந்தத் தோட்டத்தை ஒட்டியே நிற்கிறது பிங்காஸ் ஜெப ஆலயம். 1535-இல் கட்டப்பட்டது. உள்ளே பலிபீடமோ சித்திரமோ எதிர்பார்த்து நுழைகிறவர்களின் கண்ணில் படுவது எழுத்து மட்டுமே. தரையிலிருந்து வளைவுகள் தொடங்கும் இடம்வரை, எல்லாச் சுவர்களிலும் கையால் எழுதப்பட்ட பெயர்கள். நாஜிக்களால் கொல்லப்பட்ட பொஹீமியா, மொராவியா யூதர்களின் பெயர்கள். ஊர்வாரியாகப் பிரித்து, ஊருக்குள் அகரவரிசையில் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் சிவப்பில். இயற்பெயரும் தேதிகளும் கறுப்பில். பிறந்த தேதிக்கு அருகில் இருக்கும் இன்னொரு தேதியை இறந்த தேதி என்று முதலில் எண்ணினோம். பெரும்பாலோர்க்கு அப்படி அல்ல. அது அவர்கள் கிழக்கே அனுப்பப்பட்ட நாள், அதாவது உயிருடன் இருந்ததாகக் கடைசியாகப் பதிவான நாள். இறந்த நாள் தெரியாது. நம்மூரில் திதி கொடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு செய்தியின் கனம் விளங்கும். யூதர்களும் ஆண்டுதோறும் இறந்த நாளில் விளக்கேற்றுகிறவர்கள். இவர்களுக்காக எந்த நாளில் ஏற்றுவது?

இந்தச் சுவருக்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. 1954-க்கும் 1959-க்கும் இடையில் வாட்ஸ்லாவ் போஷ்டீக், யிர்ஷி யோன் என்ற இரு ஓவியர்களின் வடிவமைப்பில் இது முதன்முதலில் எழுதப்பட்டது. அன்றைய கணக்கு 77,297. அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் யிர்ஷி வைல், அந்த எண்ணையே தலைப்பில் வைத்து 1958-இல் ஒரு புலம்பல் நூலை வெளியிட்டார். 1968-இல் நிலத்தடி நீர் அடித்தளத்தில் புகுந்துவிட்டதென்று கட்டடம் மூடப்பட்டது. சோவியத் படைகள் பிராகுக்குள் நுழைந்த ஆண்டும் அதுதான். சுவலபில் நாட்டைவிட்டு வெளியேறியது அந்தப் படையெடுப்பை அடுத்துத்தான். பின்னர் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் தமிழாய்வைத் தொடர்ந்து, 2009-இல் பிரான்சில் மறைந்தார். நீர்க்காப்பு வேலை முடிந்த பிறகும் கம்யூனிஸ்ட் அரசு பிங்காஸைத் திறக்காமல் காலம் கடத்தியது. அதற்கிடையே எழுத்துகள் சுவரிலிருந்து அகற்றப்பட்டன. அந்த ஆட்சி வீழ்ந்த பின்னர், 1992-க்கும் 1996-க்கும் இடையில், எல்லாப் பெயர்களையும் மறுபடி கையால் எழுதினார்கள். 2002 ஆகஸ்டில் வல்தாவா பெருக்கெடுத்தபோது தண்ணீர் சுவரின் கீழ்ப்பகுதியில் ஏறியது. அழிந்த பெயர்களை மூன்றாம் முறையாக எழுதினார்கள்.

மனிதர்களை ஒருமுறை கொன்றார்கள். அவர்களின் பெயர்களையோ பலமுறை காப்பாற்ற வேண்டியிருந்தது.

அங்கே எங்களுக்குள் ஒரு சிறு கருத்து வேறுபாடு எழுந்தது. எங்களில் ஒருவர் கொலீன் என்ற ஊரின் பெயர்களைத் தாழ்ந்த குரலில் வாசிக்கத் தொடங்கினார். மற்றவர் தடுத்தார். உச்சரிப்புத் தெரியாமல், உறவும் இல்லாமல், பயணச்சீட்டு வாங்கி வந்த நாம் இந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்வது முறையா என்பது அவர் கேள்வி. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து இன்னொருவர் துக்கத்தில் பங்கு கேட்பது போல அது அவருக்குத் தோன்றியது. வாசித்தவரிடமும் அதற்குப் பதில் இல்லை. மௌனமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பெயருக்கு மூன்று நொடி என்று வைத்தால்கூட 77,297 பெயர்களை வாசிக்க 64 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உறங்காமல் இரண்டரை நாட்களுக்கும் மேல். சுற்றுலாக் குழுக்கள் வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் சில நிமிடங்களில் அந்தக் கூடத்தைக் கடந்துகொண்டிருந்தன.

அப்போது முதியவர் ஒருவர் கையில் ஒரு துண்டுத்தாளுடன் சுவரோரமாக நடந்து வந்தார். ஓரிடத்தில் நின்று, தாளையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு உதடு அசைய எதையோ சொன்னார். எங்கள் காதில் விழவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். சுவரில் இருந்த ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒன்றிரண்டுக்கு அன்று ஆள் வந்திருந்தது. மற்றவற்றுக்கு? குடும்பத்தோடு அழிந்தவர்களின் பெயரைத் தேடி வர யார் மிச்சம்? அந்நியர்கள் வாசிக்காவிட்டால் அவை வாசிக்கப்படவே போவதில்லை. தடுத்தவரே இதைச் சொன்னார். அதன்பின் கொலீன் ஊர்ப் பெயர்களை இருவரும் சேர்ந்து, எங்கள் தமிழ் நாக்குக்கு இயன்ற அளவில் வாசித்தோம்.

மாடியில் பிள்ளைகள் வரைந்த படங்கள். டெரெசீன் முகாமில் அடைக்கப்பட்டிருந்த சிறுவர் சிறுமியருக்கு ஓவியம் கற்பித்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்தவர், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு அங்கே கொல்லப்பட்டார். பிள்ளைகளின் சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் எஞ்சின. அந்தப் படங்களில் வீடு, மேசை, பட்டாம்பூச்சி, கப்பல் எல்லாம் இருக்கின்றன. பல தாள்களில் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. படம் வரைந்தால் பெயர் எழுத வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக்கொடுத்திருந்தார். முகாமில் எண்ணாக இருந்தவர்கள் அந்தத் தாளில் மட்டும் பெயரோடு இருக்கிறார்கள். கீழே சுவரில் பார்த்த பெயர்கள் இங்கே கோணலான குழந்தைக் கையெழுத்தில் வந்து நின்றபோது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

*

மைஸல் ஜெப ஆலயத்திலும் ஸ்பானிய ஜெப ஆலயத்திலும் வெள்ளிப் பாத்திரங்கள், தோராச் சுருளின் மகுடங்கள், நூல்வேலை செய்த திரைச்சீலைகள் ஆகியவற்றைப் பார்த்தோம். 1868-இல் மூரியப் பாணியில் எழுப்பப்பட்ட ஸ்பானிய ஜெப ஆலயத்தின் பொன்வேலை கண்ணைக் கூச வைக்கிறது. ஆனால் இவ்வளவு பொருள் எப்படி ஓரிடத்தில் சேர்ந்தது என்று கேட்டால் அழகு தொண்டையில் சிக்குகிறது.

இந்த அருங்காட்சியகம் 1906-இல் தொடங்கப்பட்டது. இடிக்கப்பட்ட ஜெப ஆலயங்களின் பொருட்களைக் காப்பது அன்று நோக்கம். அப்போது சேர்ந்திருந்தது சிறு தொகுப்பே. 1942-இல் நாஜி ஆதிக்கத்தின்கீழ் இது மத்திய யூத அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. ஆட்கள் நாடுகடத்தப்பட்டு வெறிச்சோடிய ஊர்களிலிருந்து பெட்டி பெட்டியாகப் பொருட்கள் வந்து குவிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. அழிந்துபோன ஓர் இனத்துக்கான அருங்காட்சியகம் என்று நாஜிக்கள் இதற்குப் பெயரிட்டிருந்ததாக வழிகாட்டிகள் சொல்வதுண்டு. போர்க்கால ஆவணங்களில் அந்தத் தொடர் கிடைக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் கூற்று. அந்தத் தொடர் இல்லாவிட்டாலும் நடந்தது மாறிவிடவில்லை. பொருட்களை வரவு வைத்து, துடைத்து, அட்டை எழுதியவர்கள் யூத அறிஞர்கள். இன்று இல்லாவிட்டாலும் என்றாவது இவை உரியவர்களிடம் திரும்பும் என்ற நம்பிக்கையில் அவர்கள் உழைத்தார்கள். பிறகு அவர்களுடைய பெயர்களும் பட்டியலில் ஏறின. நூலகரான தோபியாஸ் யாகோபோவிட்ஸ் 1944-இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். உயிர் மீண்ட கலை வரலாற்றாளர் ஹானா வோலாவ்கோவா போருக்குப் பின் அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். பிங்காஸ் சுவரில் பெயர் எழுதப்பட்டது அவர் காலத்தில்தான்.

எனவே அந்தக் கண்ணாடிப் பேழைகளில் இருப்பவை வெறும் கலைப்பொருட்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் ஊர் காலியானதற்கான ரசீது. 1964-இல் 1,564 தோராச் சுருள்கள் லண்டனுக்கு விற்கப்பட்டன. பல நாடுகளின் ஜெப ஆலயங்களுக்கு அங்கிருந்து அவை சென்றன. ஊரில்லாமல் போன வேதம் வேறு ஊர்களில் ஓதப்படுகிறது.

மறுநாள் டெரெசீனுக்குப் போய் வந்தோம். பிராகிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பேரரசர் இரண்டாம் யோசெஃப் தம் அன்னை மரியா தெரேசாவின் பெயரால் எழுப்பிய கோட்டை நகரம் அது. 1744-இல் யூதர்களைப் பிராகிலிருந்து வெளியேற்றுமாறு ஆணையிட்டவர் அந்த அன்னை; அவர்களுக்குச் சில உரிமைகளை வழங்கியதால் யூதக் குடியிருப்புக்கே தம் பெயரைப் பெற்றவர் அந்த மகன். இருவர் பெயரும் இன்று ஒரே துயரத்தின் இரு முனைகளாக நிற்கின்றன. 1941 நவம்பர் முதல் 1,40,000-க்கும் மேற்பட்டோர் அங்கு அடைக்கப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு வந்தபோது வீடுகளுக்கு வண்ணம் பூசி, பூச்செடி வைத்து, பிள்ளைகளை விளையாடவிட்டுக் காட்டினார்கள். நாங்கள் சென்ற அன்று வெயில் இதமாக இருந்தது. சதுக்கத்துப் புல்வெளியும் அழகாகத்தான் இருந்தது. பார்ப்பதை அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதற்கு அதைவிட வேறு ஊர் வேண்டாம்.

*

நான்காம் நாள் காஃப்காவைப் பார்க்கச் சென்றோம். அவர் பழைய தோட்டத்தில் இல்லை. 1890-இல் தொடங்கப்பட்ட புதிய யூதக் கல்லறைத் தோட்டத்தில் பெற்றோருடன் இருக்கிறார். சுரங்க ரயிலில் ஷெலிவ்ஸ்கேஹோ நிலையத்தில் இறங்கினால் வாயில் அருகிலேயே இருக்கிறது. பட்டை தீட்டிய படிகம் போன்ற சாம்பல் நிறக் கல். அதன்கீழ் கூழாங்கற்கள், பேனாக்கள், மடித்து வைத்த கடிதங்கள். படித்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பலர் கவனிக்காமல் போவது அக்கல்லின் அடியில் இருக்கும் சிறு பலகையை. அதில் அவருடைய மூன்று சகோதரிகள் எல்லி, வல்லி, ஒட்லா ஆகியோரின் பெயர்கள். காஃப்கா 1924-இல் காசநோயால் மறைந்தார். எல்லியும் வல்லியும் 1941-இல் லோட்ஸ் நகர யூத அடைப்புக்கு அனுப்பப்பட்டு உயிர் இழந்தார்கள். காஃப்காவின் பிரியத்துக்குரிய கடைசித் தங்கை ஒட்லா டெரெசீனில் இருந்தார். 1943 அக்டோபரில் பியாலிஸ்டோக் நகரக் குழந்தைகளை ஏற்றிய வண்டியில் துணையாகப் போகத் தாமாகவே முன்வந்தார். அந்த வண்டி ஆஷ்விட்ஸில் நின்றது. காரணம் சொல்லாமல் கைது செய்யும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்த எழுத்தாளர் என்று காஃப்காவைப் படிக்கிறோம். அந்த உலகம் அவருடைய தங்கையரின் வாசலுக்கே வந்தது. சமாதி இல்லாத அந்த மூவருக்கும் அண்ணனின் சமாதி இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் கூழாங்கல்லை அந்தப் பலகையின் ஓரத்தில் வைத்தோம்.

கடைசி நாள் வாட்ஸ்லாவ் சதுக்கத்தில் நடந்தோம். 2020-இல் அங்கே தரையைச் செப்பனிட்டபோது, பாதையில் பதித்திருந்த கற்களின் அடிப்பக்கத்தில் எபிரேய எழுத்துகள் தெரிந்தன. யூதக் கல்லறைக் கற்களைத் துண்டு துண்டாக வெட்டி, மெருகான பக்கம் கீழே இருக்கும்படி 1980-களில் பதித்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நகரம் அவற்றின்மேல் நடந்திருக்கிறது. மீட்கப்பட்ட துண்டுகளைக் கொண்டு ஷிஷ்கோவ் பகுதியிலுள்ள பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் 2022-இல் ஒரு நினைவிடம் அமைத்தார்கள். ஒரு துண்டில் ஓர் எழுத்து, இன்னொன்றில் பாதித் தேதி. எந்தக் கல்லும் முழுப் பெயரைச் சொல்லாது. ஆனாலும் எழுத்துள்ள பக்கம் இப்போது மேலே இருக்கிறது.

ஐந்து நாட்களில் ஒரு சமூகத்தின் ஆயிரம் ஆண்டு வாழ்வைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல மாட்டோம். எங்களுக்குத் தெளிவானது ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் ஒரு நிலத்தில் பல அடுக்கு மனிதர்கள். பக்கத்துச் சுவரில் ஒருபிடி நிலமும் கிடைக்காத மனிதர்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மதில் மட்டுமே. இரண்டையும் இணைப்பது பெயரை எழுதிவைக்கும் பிடிவாதம். செதுக்கினார்கள், எழுதினார்கள், அகற்றப்பட்டதும் மறுபடி எழுதினார்கள். எழுதியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள், மிச்சம் வாசிப்பவர்களுடையது.

பிராகுக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிங்காஸில் நுழைந்ததும் மாடிக்கு விரையாதீர்கள். ஏதாவது ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். சிறிய ஊராகவே இருக்கட்டும். அதன் பெயர்களை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். உச்சரிப்புப் பிழைபட்டால் பாதகமில்லை. கொலீனை நாங்கள் முடித்துவிட்டோம். மற்ற ஊர்கள் காத்திருக்கின்றன.